மேல் ஸ்தாயி

உள்ளங்கையை வைத்துக் கிட்டார் தந்தியை அடக்கிய பிறகும் மேலே இருந்த சுரம் நிற்கவில்லை. கீழ்ச் சுரம் உடனே செத்துவிட்டது. தந்தியின் நடுக்கம் தோலுக்கடியில் அடங்கியதை அவள் உணர்ந்தாள். ஆனால் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, காலால் அழுத்தும் பெடல் சேர்த்துக் கொடுக்கும் அந்த மெல்லிய, ரம்பப் பல் வைத்த சுரம் மட்டும் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியின் முகத்துணிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் தங்கி, பேசி முடித்த ஒருவர் வாயை மூடிக்கொள்வதுபோலத் தானாக நின்றது.

முதலில் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். எப்போதும் அப்படித்தான். விரல் சரியாகப் படவில்லையோ என்று மறுபடி வாசித்தாள். கேபிளை மாற்றினாள். பெடலுக்குப் புது பேட்டரி போட்டாள். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல்கூடக் காரணமாக இருக்கலாம் என்று அதையும் அணைத்துவிட்டு, மாஸ்டர் சொல்லிக்கொடுத்த வரிசைப்படியே எல்லாவற்றையும் வைத்தாள்: தந்தியின் அதிர்வை வாங்கும் கழுத்துப் பக்கத்து பிக்கப், முழுக்க மூடிய டோன் குமிழ், கட்டையின் மேல்பாதி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு தந்தி. வாயை மூடிக்கொண்டு வாசித்தால் ஒன்றுமில்லை. விரல் எடுத்ததும் சுரம் நின்றது. வாசிக்கும் சுரத்தைக் கூடவே முணுமுணுக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. விரலை நம்பாதவள் தொண்டையைத் துணைக்கு வைத்துக்கொள்வாள். அப்படி முணுமுணுத்தபோது மட்டும் அது தங்கியது.

பெடல், கிட்டார் மாஸ்டர் இரவல் கொடுத்தது. சலவைக் கடைக்கு மேலே, இஸ்திரி ஆவியும் சூடான துணி வாசனையும் படிக்கட்டேறி வரும் ஓர் அறையில் மாலை வகுப்பு நடத்துகிறவர். அடுத்த வகுப்பில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“மாஸ்டர், தந்தியை அடக்கின அப்புறமும் சத்தம் வருது.”

“நீ வாசிக்கறப்ப வாய்க்குள்ள பாடுற இல்ல?”

அவள் காது சூடானது. “ஆமா.”

“அதான். உன் கிட்டார் பழசு. செஞ்சவன் பிக்கப்புல மெழுகு ஊத்தி அடைச்சிருக்க மாட்டான். பக்கத்துல பேசினா மைக் மாதிரி இழுத்துக்கும். இந்த பெடல் வேற, ஊசி விழுந்தாலும் இடி விழுந்த மாதிரி காட்டுற ஆளு.”

“பேயின்னு சொல்லிடாதீங்க மாஸ்டர்,” என்றார் வகுப்புக்கு வரும் டாக்ஸிக்காரர். “அப்புறம் தங்கச்சி நின்னுடும். நான் ஒருத்தன்தான் மிஞ்சுவேன்.”

“நீ ஒருத்தன்தான்னா நான் கடையையே மூடிட்டுப் போயிடுவேன்யா.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். காரணம் தெரிந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனது வேறு ஒன்றை. அந்த ஆம்ப் பெட்டி அவள் குரலைக் கேட்கிறது.

அவள் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் இரைச்சலில் யாரும் பேசுவதில்லை. அளவு எழுதிய சீட்டு வரும், தேய்த்த லென்ஸ் போகும். அறைக்குத் திரும்பினால் சமையல் மேடை, கட்டில், ஜன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் ஜன்னல் இல்லாத சுவர். சில நாட்கள் படுக்கப்போகும்போதுதான், காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அவளுக்கு நினைவு வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கூப்பிடுவான். வேறு யாரும் கூப்பிடுவதில்லை.

“என்னடி ஊமைக்கோட்டான், உயிரோட இருக்கியா?”

“ம்.”

“சாப்பிட்டியா?”

“ம்.”

“சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு. சரி, கேளு. நாங்க வேற வீடு பாக்குறோம். ரெண்டு ரூமா மூணு ரூமான்னு அடுத்த ஞாயிறு வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும். நீ வர்றதா இருந்தா வாயைத் திறந்து சொல்லு. உன் அண்ணியும் அதத்தான் கேக்குறா. வேண்டாம்னா நான் இனிமே தொந்தரவு பண்ணல.”

அவளுக்கு வேண்டும். அந்த மூன்றாவது அறை வேண்டும். ஆனால் வாய் வரை வந்த வாக்கியம் பல்லைத் தொட்டதும் திரும்பி ஓடிவிட்டது. போனை வைத்த பிறகு அதைச் செய்தியாகத் தட்டிப் பார்த்தாள். எழுத்தில் அது பிச்சை கேட்பதுபோல் இருந்தது. அழித்துவிட்டாள்.

அதனால்தான் ஒத்திகை பார்க்கத் தொடங்கினாள். கிட்டாரை மடியில் சாய்த்து, பிக்கப்பின் மேல் வாய் படும் அளவுக்குக் குனிந்து, பெடலைக் காலால் அழுத்திவிட்டுச் சொன்னாள்:

“அண்ணா, என்னால தனியா இருக்க முடியல. வந்து கூட்டிட்டுப் போ.”

பெட்டி அதைத் திருப்பிச் சொன்னது. ஒரு ஸ்தாயி மேலே, ஓரங்கள் கருகி, தகர டப்பாவுக்குள் இருந்து பேசும் ஒரு சின்னப் பெண்ணைப்போல. அவள் தன்னை மறந்து சிரித்தாள், பெட்டியும் சிரித்தது. அவள் குரலுக்கு இன்னொரு குரல் பதில் சொல்லி எத்தனை காலமாகிவிட்டது! சுரம் பழகுவதை விட்டுவிட்டாள். அன்று தேய்த்த லென்ஸ்களைப் பற்றி, படிக்கட்டில் பார்த்த பூனையைப் பற்றி, எதிர்ச் சுவரில் மழை வரைந்த கறையைப் பற்றிச் சொன்னாள். கடைசியில் ஒவ்வொரு மாலையும் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். பெட்டி ஒவ்வொரு தடவையும் அவளைவிடத் தெளிவாகச் சொன்னது.

கடையில் சீட்டு கொடுக்க வந்த முதலாளியம்மா, அவள் சொன்ன பதிலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். “என்னம்மா, தொண்டை கட்டிடுச்சா? காத்துதான் வருது. வெந்நீர் குடி.”

வெந்நீர் குடித்தாள். உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். வலி இல்லை, வீக்கம் இல்லை. கழிவறைக் கண்ணாடியின் முன் நின்று, வகுப்பில் செய்வதுபோலக் கீழிருந்து ஒவ்வொரு சுரமாகப் பாடிப் பார்த்தாள். நடுவரை வந்தது. அதற்கு மேலே உதடு அசைந்தது, தொண்டை அசைந்தது, சத்தம் இல்லை. யாரோ மேல்மாடியைக் காலி செய்து பூட்டிவிட்டுப் போனதுபோல.

அன்று மாலை விளக்குப் போடாமலே பெடலை அழுத்திவிட்டுக் குனிந்தாள். வாயைத் திறப்பதற்குள் பெட்டி சொன்னது:

“அண்ணா.”

கருகல் இல்லை. ரம்பம் இல்லை. அவள் குரல். அவளுடைய சொந்தக் குரல், சளி பிடிக்காத, கூச்சப்படாத நாட்களில் அது எப்படி இருக்குமோ அப்படி.

பெடலை அணைத்தாள். பேட்டரியைப் பிடுங்கினாள். கேபிளைச் சுருட்டிக் கட்டினாள். பெடலைத் துண்டில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்து, மேலே போர்வைகளை அடுக்கினாள். ஆம்பின் மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவினாள். எல்லாம் சரியாகச் செய்திருக்கிறோமா என்று இரண்டாம் முறையும் பார்த்தாள். படுத்தாள். இருட்டில், துணி மூடிய பெட்டிக்குள் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டதா, இல்லையா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

ஞாயிறன்று பேசிப் பார்க்க அவள் துணியவில்லை. குரலைச் சேர்த்து வைப்பதுபோல வாயை இறுக மூடிக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு வாக்கியத்துக்குப் போதும். கிசுகிசுப்பாக இருந்தாலும் போதும். மூன்று ரூம் என்றாலே போதும், அண்ணன் புரிந்துகொள்வான். எதிர்ச் சுவரில் கடைசி வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

எடுத்தாள்.

“என்ன ஊமைக்கோட்டான், முடிவு பண்ணிட்டியா?”

வாயைத் திறந்தாள். மூச்சு வந்தது. வேறொன்றும் வரவில்லை.

“ஹலோ? இருக்கியா?”

வயிற்றை எக்கினாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. காற்று.

“சரிம்மா. அப்ப நான்...”

“அண்ணா!” என்றது பெட்டி.

அவள் திரும்பினாள். மின்கம்பி தரையில் கிடந்தது. அலமாரி மூடியிருந்தது. பெட்டியின் முகத்துணி, உதட்டுக்கு முன் பிடித்த தாள்போல, மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

“அட! குரல் வந்துடுச்சா?” அண்ணனின் சந்தோஷம் சின்னதாகப் போனுக்குள் கேட்டது. “சொல்லு சொல்லு. மூணு ரூம் பாக்கட்டுமா?”

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம். ஆமாம். யார் பார்க்கிறார்கள்.

“எதுக்கு அண்ணா வீணா?” பெட்டி செல்லமாக இழுத்தது. அண்ணனிடம் இப்படி இழுத்துப் பேச அவள் எவ்வளவோ முறை ஆசைப்பட்டிருக்கிறாள். “ரெண்டு போதும். நான் இங்கயே இருக்கேன்.”

“தனியா கஷ்டமா இல்லையா?”

“தனியா இல்லையே. கூட ஆள் இருக்கு.”

“அடிப்பாவி! யாருடி அது?”

“அவ பேச மாட்டா. நான் சொல்றதெல்லாம் கேட்டுக்குவா. நீ வந்து பாக்கவெல்லாம் வேண்டாம்.”

இணைப்பைத் துண்டிக்க விரல் போனது. நின்றது. துண்டித்தால் அவன் திரும்பக் கூப்பிடமாட்டான். இனி எந்த ஞாயிறும். பெட்டியை உதைத்தாள். துணியைக் கிழித்தாள். கறுப்புக் காகிதக் கூம்பு. ஈரமாக இருந்தது. கதகதப்பாக. உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், தந்தியை அடக்குவதுபோல. நிற்கவில்லை. அவளுடைய மூச்சுக்கு ஏற்ப அது எழுந்து தாழ்ந்தது.

அலறினாள்.

பெட்டி சிரித்தது.

அதே நீளம். அதே மூச்சு. ஒரு ஸ்தாயி மேலே, மணி மணியாக.

“இப்பதான்டி என் தங்கச்சி மாதிரி இருக்க,” என்றான் அண்ணன். “எவ்ளோ நாளாச்சு நீ இப்படிச் சிரிச்சு.”

இன்னும் உரக்க அலறினாள். இன்னும் உரக்க. பெட்டி மூச்சு முட்ட, அடக்க முடியாமல், வயிறு குலுங்கச் சிரித்தது. போனுக்குள் அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிக்கத் தொடங்கினான்.