குச்சி பிடுங்குகிறவன்

அர்த்துவுக்குப் பின்னால் ஒரு விளக்கு வந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது. அவனுடைய வேலையே அதுதான்.

பனிக்கால சைக்கிள் பந்தயத்தில் முதலில் வருகிறவனுக்குக் கோப்பை உண்டு. கடைசியாக வருகிறவனுக்குப் பரிதாபக் கைத்தட்டல் உண்டு. அவனுக்கும் பின்னால் வருகிறவனுக்கு ஒரு வாக்கி டாக்கியும், இடுப்பில் கட்டி இழுக்க ஒரு சறுக்குப் பெட்டியும் மட்டும். உறைந்த ஸார்கி ஏரியின் மேல் இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு, நூறு மீட்டருக்கு ஒன்றாக, ஒளிப்பட்டை சுற்றிய குச்சிகளை நட்டிருந்தார்கள். கடைசிப் பந்தயக்காரன் கடந்ததும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வர வேண்டும். மீன்பிடிக்கிறவர்களின் சங்கம் அந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான் ஏரியைத் தருகிறது. ஆறு ஏரிக்குள் நுழையும் இடத்தில் பனிக்கட்டியின் கனம் நாளுக்கு நாள் மாறும். இன்றைய குச்சியை நம்பி நாளை ஒருவன் போய்விடக் கூடாது. அதனாலேயே குச்சிகள் நேராகப் போவதில்லை. பதினைந்தாவது கிலோமீட்டரில் இடது பக்கம் வளைந்து, ஆற்றின் வாயை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு, பந்தயம் முடியும் கரைக்குப் போகின்றன. நேர் எதிரே அந்தக் கரையின் விளக்குகள் தெரியும். முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் ஏன் நேராகப் போகக் கூடாது என்று கேட்பார்கள். போகலாம், ஒருமுறை.

அர்த்து ஏறினான், நூறு மீட்டர் மிதித்தான், இறங்கினான், பிடுங்கினான், மறுபடி ஏறினான். மணி மூன்றரை. ஜனவரியில் அந்த வடகோடி ஊரில் அது நல்ல இருட்டு. குளிர் மைனஸ் இருபத்தேழு. மூக்கு முடி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கொண்டு விடுபட்டது, தடித்த டயருக்குக் கீழே பனி தெர்மோகோல் உரசுவது போலக் கிறீச்சிட்டது, தரையோடு தரையாக ஓடிய காற்று அவன் பதித்த தடத்தைப் பத்து நிமிடத்தில் பொடிப்பனியால் மூடி ஒன்றுமே நடக்காதது போல ஆக்கிவிட்டது, கழுத்துத் துணியில் காலையில் குடித்த காப்பியின் வாசனையும் அவனுடைய எச்சிலும் சேர்ந்து உறைந்து தகடாகியிருந்தன. பிடுங்கிய குச்சியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஏதோ நினைவாகத் திரும்பிப் பார்த்தபோதுதான் அந்த விளக்கு தெரிந்தது.

சின்னதாக, வெள்ளையாக, தலையில் கட்டுகிற உயரத்தில். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு.

நின்று பார்த்தான். அதுவும் நின்றது.

பனிவண்டிக்காரனாக இருக்கலாம் என்று முதலில் நினைத்துக்கொண்டான், ஆனால் பனிவண்டி அந்த ஊர்க் கல்யாண வீட்டைவிடச் சத்தம் போடும். மீன்பிடிக்கிறவனாக இருக்கலாம், ஆனால் மீன்பிடிக்கிறவன் நகர மாட்டான், அவனுடைய பெருமையே அதுதான். மூன்றாவதாக ஒரு விளக்கம் இருந்தது. அதை அர்த்து நினைக்காமல் இருந்தான். நினைக்காமல் இருப்பதற்கு நிறைய உழைக்க வேண்டியிருந்தது.

இல்மாரி அவனுடைய அறைத்தோழன். ஊலு பல்கலைக்கழகத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு, படிக்கட்டு ஏறினாலே உட்கார்ந்துவிடுகிற உடம்பு. செப்டம்பரில் கேன்டீனில் நாற்பது பேர் முன்னால், "இவன் ஏரியைத் தாண்டிட்டான்னா நான் படிப்பை விட்டுடறேன்" என்று அர்த்து ஒரு போடு போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். இல்மாரியும் சிரித்தான். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் ஒரு நாளும் விடவில்லை.

இன்றைக்கு அவன் எண் இருபத்தேழு.

ஏரிக்கு முன்னால் கடைசியாக ஒரு மரக்குடில். மதியம் ஒரு மணிக்குள் அங்கே வந்து பட்டியலில் பெயர் பதியாதவர்களை ஏரியில் விட மாட்டார்கள், வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பன்னிரண்டு ஐம்பதுக்கு, அங்கே காத்திருந்த அர்த்துவின் போன் அடித்தது.

"அர்த்து, புகை தெரியுதுடா. பத்தே நிமிஷம். என் பேரைப் போட்டுடு."

"குடிலோட புகையா, உன் வாய்லேர்ந்து வர்ற புகையா?"

"போடுடா நாயே."

"அவ்வளவு பயமா, நான் ஊரெல்லாம் சொல்லிருவேன்னு?"

"நீ எப்படியும் சொல்லத்தான் போற. போடு."

குடிலைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ரெய்னோ விறகு எடுக்க வெளியே போயிருந்தார். இருபத்தேழுக்கு நேராக 12.58 என்று அர்த்து எழுதினான். இருபது வாரம் காலை ஐந்து மணிக்கு எழுந்தவனுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் குடி முழுகிவிடாது என்று தோன்றியது. பிறகு அடுப்புப் பக்கத்தில் காலை நீட்டினான். ரெய்னோ தோளைத் தட்டியபோது மணி ஒன்றரை.

"எழுந்திருடா பையா. லிஸ்ட் முடிஞ்சு போச்சு, எல்லாரும் போயாச்சு. நான் பூட்டணும்."

மேசையில் ஒரு கோப்பை காலியாக இருந்தது. அடியில் கொஞ்சம் காப்பி, இன்னும் சூடு. வந்திருக்கிறான், தூங்குகிறவனை எழுப்பாமல் குடித்துவிட்டுப் போயிருக்கிறான், நல்ல பையன் என்று அர்த்து நினைத்துக்கொண்டான். அது ரெய்னோவின் கோப்பையாகவும் இருக்கலாம் என்பது இரண்டு மணி நேரம் கழித்து, ஏரி நடுவில், நூற்று நாற்பது குச்சிகளைப் பிடுங்கிய பிறகுதான் தோன்றியது.

வாக்கி டாக்கியைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தான். அக்குளில் வைத்திருந்தால்தான் பேட்டரி செத்துப்போகாது. பையில் வைத்த போன் குளிரில் எப்போதோ செத்திருந்தது.

"ஹெல்வி, கடைசி ஆள் பேசறேன்."

"சொல்லு பையா." பந்தயம் முடியும் கரையில், இன்னொரு குடிலில் இருந்துகொண்டு பந்தயத்தை நடத்துகிற ஹெல்விக்கு அறுபது வயது, குரலுக்கு இருபது. பின்னால் கரண்டிச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. "சீக்கிரம் வா, மீன் சூப்பை இந்தப் பசங்க விட்டு வைக்க மாட்டாங்க."

"எத்தனை பேர் வந்தாச்சு?"

"முப்பது. இருபத்தேழு மட்டும் பாக்கி. உன் ரூம்காரன்தானே? உனக்கு முன்னாடி உருட்டிட்டுப் போயிட்டிருப்பான். பின்னாலேர்ந்து ஒரு உதை குடு."

அர்த்து முன்னால் பார்த்தான். கரையின் விளக்குகள் வரை ஏரி வெறுமையாகக் கிடந்தது.

"ஏன், எதாவதா? வண்டி அனுப்பட்டுமா?"

அனுப்பினால் பத்து நிமிடம். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியத்தில் 12.58 வரும். இல்மாரியைப் பந்தயத்திலிருந்து நீக்குவார்கள், முப்பது பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள், செப்டம்பரில் சிரித்தவர்கள் இந்தத் தடவை வேறு ஆளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

திரும்பினான். விளக்கு கொஞ்சம் கிட்டே வந்திருந்தது.

"இல்மாரி!"

காற்று குரலை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனது. விளக்கு அசையவில்லை. விசிலை ஊதினான். உதட்டுத் தோல் அதில் ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. நூறு மீட்டர் போய்க் குச்சியைப் பிடுங்கினான். விளக்கும் நூறு மீட்டர் வந்தது. அவன் நின்றால் நின்றது, நகர்ந்தால் நகர்ந்தது. இல்மாரியாக இருந்தால் கையை ஆட்ட மாட்டானா, திட்ட மாட்டானா? அர்த்துவின் அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்ல மாட்டானா? முதுகில் ஊறிய வியர்வை குளிர்ந்து, யாரோ விரலால் மேலிருந்து கீழே கோடு இழுப்பது போல இறங்கியது. பெட்டியில் குச்சிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம். மிதிக்காமல் உருளும் சைக்கிளின் ஃப்ரீவீல் சத்தம். டிக், டிக், டிக். மிக அருகில்.

விளக்கோ அரைக் கிலோமீட்டருக்கு அப்பால்.

அப்போதுதான் குச்சிகள் இடது பக்கம் திரும்பின. அர்த்துவும் அந்தப் பக்கம் திரும்பினான். இருக்கைக்குக் கீழே அவனுடைய சிவப்பு விளக்கு பனியில் ரத்தக் கறை போல விழுந்து மறைந்து விழுந்து மறைந்துகொண்டிருந்தது. பின்னால் வருவது அதைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறது என்று உடம்புக்குத் தெரிந்தது. கையுறையைக் கழற்றினான். விரல்கள் குளிரில் கத்தின. பொத்தானை அழுத்தினான்.

சிவப்பு அணைந்தது. தலை விளக்கையும் அணைத்தான். இருட்டில் குனிந்து நின்றான்.

வெள்ளை விளக்கு நின்றது. இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது. கூட்டத்தில் அம்மாவின் கையை விட்ட பிள்ளை தேடுவது போல.

அந்த அசைவை அர்த்துவுக்குத் தெரியும். காலை ஐந்து மணிக்கு இருட்டு அறையில் சாக்ஸ் தேடுகிறவனின் தலை அப்படித்தான் திரும்பும்.

பிறகு அந்த விளக்கு ஒரு முடிவுக்கு வந்தது. கரையின் விளக்குகளைப் பார்த்தது. நேராகப் போக ஆரம்பித்தது.

"இல்மாரி! நில்லுடா! அங்க போகாத!"

சிவப்பு விளக்கையோ தலை விளக்கையோ போட விரல் வரவில்லை. பொத்தான்கள் உறைந்திருந்தன. பெட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடினான். சைக்கிளை விட்டுவிட்டு ஓடினான். காலுக்குக் கீழே பனியின் நிறம் மாறியது, சாம்பலாக, ஈரமாக. நின்றான்.

விளக்கு போய்க்கொண்டே இருந்தது. நிதானமாக. நம்பிக்கையாக.

அணைந்தது.

கூச்சல் இல்லை. தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஏரி முழுக்க, ஒரு கரையிலிருந்து மறு கரை வரை, பனிக்கட்டி நீளமாக முனகியது.

காற்று நின்றுவிட்டது.

"ஹெல்வி." வாய் உறைந்து சொல் ஒழுங்காக வரவில்லை. "ஹெல்வி, நான்தான் எழுதினேன். அவன் வரவே இல்ல. நான்தான் பேரைப் போட்டேன். எனக்குப் பின்னாடி வந்தான். ஆத்து வாயில போயிட்டான். வண்டி அனுப்புங்க. கயிறு..."

"என்னடா உளர்ற? யாரு?"

"இருபத்தேழு."

"இருபத்தேழா?" ஹெல்வி சிரித்தாள். "இப்பதான் கதவைத் திறந்துட்டு உள்ள வர்றான். இதோ, அடுப்புக்கிட்ட நிக்கறான்."

அர்த்து பனியில் உட்கார்ந்துவிட்டான். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று நெஞ்சிலிருந்து கிளம்பிப் பாதி வழி வந்தது. அங்கேயே நின்றது.

விளக்கு அணைந்த இடத்திலிருந்து கரை மூன்று கிலோமீட்டர். விளக்கு அணைந்து இரண்டு நிமிடம்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தான்?"

"ஏரிப் பக்கத்துலேர்ந்துதான். சைக்கிளைக் காணோம், நடந்தே வந்திருக்கான் பாவம். ஏன்டா இல்மாரி, முகமூடியைக் கழட்டேன். பேச மாட்டேங்கறான். தொப்பலா நனைஞ்சிருக்கான். தரையெல்லாம் தண்ணி."

"ஹெல்வி, அவன் பக்கத்துல போகாதீங்க."

"பையன் இந்தக் கோலத்துல நிக்கறான், போகாம? யாராவது துண்டு எடுத்துட்டு வாங்கப்பா. துடைக்கத் துடைக்க வந்துட்டே இருக்கு. எங்கேர்ந்துடா இவ்வளவு தண்ணி..."

வாக்கி டாக்கியின் பொத்தானை அவள் விடவில்லை. எல்லாம் கேட்டது. பெஞ்சு நகர்ந்தது. யாரோ ஏதோ நக்கல் அடித்தார்கள், ஒருவன் சிரித்தான், பாதியில் நிறுத்தினான். மரத்தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிறகு சொட்டு இல்லை, ஓட்டம். அடுப்பில் ஏதோ சீறியது. கரண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன.

நீண்ட நேரம் தண்ணீர் மட்டும்.

"கடைசி ஆள்." ஹெல்வியின் குரல்தான். ஆனால் அதில் ஹெல்வி இல்லை. "எங்க இருக்க?"

அர்த்து வாக்கி டாக்கியைக் காதிலிருந்து விலக்கினான்.

"உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்றான்."

வாக்கி டாக்கி செத்தது.

எதிர்க்கரையில் ஹெல்வியின் குடில் சன்னல் வெளிச்சம் மறைந்தது. அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. கரையிலிருந்து இறங்கி, ஒருவர் பின் ஒருவராக, வளையாமல், அவனை நோக்கி நேராக.

திரும்பிப் பார்த்தான். பதினைந்து கிலோமீட்டர் இருட்டு. ஒரு குச்சி இல்லை.

பழக்கதோஷத்தில் எண்ணினான். முப்பத்தொன்று. அதற்குப் பின்னால், மற்றவற்றைவிடத் தாழ்வாக, கையில் பிடித்த சமையலறை டார்ச் ஒன்று.

முதல் விளக்கு ஆற்றின் வாய்க்கு வந்தது.

அணையவில்லை.

இரண்டாவது வந்தது. மூன்றாவது. கறுப்புத் தண்ணீருக்கு மேல், துளி ஆட்டம் இல்லாமல், ஒரு சத்தமும் இல்லாமல், வரிசை கலையாமல் வந்துகொண்டே இருந்தன.