காற்றுக்குழாயின் அடியில்

காலை பத்து இருபத்தைந்து. கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த முக்குளிப்பவர் விருட்டென்று மேலே வந்தார். முகக்கவசத்தைப் பிய்த்தெறிந்தார். நினைவிழந்தார். பக்கத்துச் சாரத்தில் நின்ற பெயிண்டர் குதித்துப் பிடிக்காவிட்டால் மறுபடியும் அடிக்கே போயிருப்பார்.

பதினொன்றரைக்குத் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி வந்தார். வாசலிலேயே மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா மேல வரணும்னு விதி இருக்கு மேடம். அவசரப்பட்டது அவன். கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?”

“ஏன் அவசரப்பட்டார்?”

“அதை அவன்தான் சொல்லணும்.”

“வசதியாப் போச்சு. அவர் பேசற நிலைமையில இல்லை.”

துறைமேடையின் விளிம்பில் பம்பு நின்றது. கீழே இருப்பவருக்கு அதுதான் மூச்சு. காற்றை இழுக்கும் குழாயின் வாய், எஞ்சின் புகைபோக்கிக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. பெயிண்டர் பீய்ச்சியடித்த சாயம் பறந்து வந்து, பம்பிலும் குழாயிலும் தரையிலும் சிவப்புப் பொடியாய்ப் படிந்திருந்தது. அதிகாரி குழாயைத் தூக்கினார். அது கிடந்த இடத்துத் தரையிலும் அதே சிவப்பு. அப்படியே திரும்ப வைத்தார்.

பம்புக்காரர் கைகட்டி நின்றார். அடிபட்டவரின் சகலை; அவர் மனைவியின் அக்காவைக் கட்டியவர்.

“குழாயை எப்ப இங்க போட்டீங்க?”

“காலை ஏழு மணிக்கு. அப்புறம் தொடவே இல்லை. பத்து மணிக்கு மேல காத்து திரும்பிடுச்சு, புகை உள்ள போயிருக்கும். காத்தை நான் கட்டிப்போட முடியுமா?”

பெயிண்டரிடம் ஒரே கேள்வி.

“எப்ப அடிச்சீங்க?”

“எட்டுல இருந்து பத்து வரைக்கும்.”

பன்னிரண்டு பத்து. மருத்துவர் போனில் சொன்னார்: ரத்தத்தில் எஞ்சின் புகை.

அதிகாரி பம்புக்காரரிடம் திரும்பினார். “ஏழுல இருந்து குழாய் இங்கேயே கிடந்திருந்தா, அதுக்கு அடியில சாயம் எப்படிப் படிஞ்சுது? பத்து மணிக்கு அப்புறம் நீங்கதான் நகர்த்தியிருக்கீங்க.”

பம்புக்காரரின் கட்டிய கைகள் அவிழ்ந்தன.

“புகையில தலைவலி வந்து மேல ஏறிடுவான்னு நினைச்சேன்,” என்றார். “நானும் முக்குளிச்சவன்தான். இதே கம்பெனி வேலையில காது கிழிஞ்சுது. ஒருத்தரும் என்னன்னு கேக்கலை. பம்புல உக்கார வச்சாங்க. என் இடத்துக்கு அவன் வந்தான். அவன் வந்தா மாமனார் எழுந்து நிக்கிறார். நான் வந்தா டிவியைப் பாக்கிறார். மூணு வருஷமா வயிறு எரிஞ்சுது மேடம்.”

மேனேஜருக்கு உயிர் வந்தது. “அப்போ இது குடும்பத் தகராறு!”

“பம்பும், முக்குளிக்கிறவரை இழுக்கிற கயிறும் ஒரே ஆள் கையில இருக்கக் கூடாது. ரெண்டாவது ஆள் எங்க?”

“ஆள் பத்தலை...”

“பம்புல இவர் வேண்டாம், வேற ஆளைப் போடுங்கன்னு அடிபட்டவர் எழுதிக் கொடுத்த மனு உங்க ஃபைல்ல இருக்கு. பார்த்தேன். குழாயை நகர்த்தினது இவர். தெரிஞ்சும் இவர் கையில ஒரு உசுரைக் கொடுத்தது நீங்க. ரெண்டு பேரையும் அறிக்கையில எழுதறேன். இந்தக் கிழிஞ்ச காதையும் சேர்த்து.”

மறுபடியும் போன். அதிகாரி கேட்டுவிட்டு வைத்தார்.

“பிழைச்சுட்டார். இடது காது ஜவ்வு கிழிஞ்சிருக்கு. இனிமே முக்குளிக்க முடியாது.”

மூன்று வருடமாகப் பம்புக்காரர் ஆசைப்பட்டது அதுதான். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தன் காதைத் தொட்டுப் பார்த்தார்.

“குளிக்கும்போது அந்தக் காதுல தண்ணி போகாம பாத்துக்கச் சொல்லுங்க மேடம். போனா உயிர் போற மாதிரி வலிக்கும்.”