காலியாக விட வேண்டிய தடம்

மூன்றாவது தடத்தில் கோடு மங்கலாக இருந்தது.

எலிசாள் தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். வெள்ளிச் சாயத்தில் முங்கிக் கிடந்த ஜெல்லில் மற்றவர்களுடைய கோடுகள் பழுப்பு நிறத்தில் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. மூடிய கதவுக்கு அப்பால் கணபதி கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பின்னால் மெஷின் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடம் மட்டும் யாரோ ஈர விரலால் தேய்த்துவிட்டதுபோல் கிடந்தது. அது அவள் மகன் சஜினுடைய தடம்.

பயப்பட இதில் என்ன இருக்கிறது? பழைய சாம்பிள், தீர்ந்துகொண்டு வருகிறது, அவ்வளவுதான் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பழவங்காடியில், மருந்துக்கடை மாடியில், டாக்டர் ராஜமணி அந்த லேபைத் திறந்த வருஷம் அது. தொண்ணூற்றெட்டு. கட்டிடம் பழசு, ஏசி இரவல், சாரின் வாய் மோசம். மெஷின் மட்டும் அசல். ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து எடுத்த, கண்ணுக்கே தெரியாத மரபணுத் துணுக்கை அதில் வைத்தால் சூடாக்கும், ஆறவைக்கும், மறுபடி சூடாக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். மத்தியானம் வைத்தது சாயங்காலத்துக்குள் கோடிக்கணக்கில் பெருகி நிற்கும். அதை ஜெல்லில் ஓடவிட்டால் ஆளுக்கு இரண்டு கோடு விழும். ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. பிள்ளையின் கோடுகள் இந்த இருவருடைய கோடுகளுக்கு நேராக நின்றால் பிள்ளை அவர்களுடையது. கோர்ட்டே ஒத்துக்கொள்கிற விஷயம்.

விடை தெரிந்த ஒரு குடும்பம் சரியாக வந்தால்தான் மற்றதை நம்பலாம் என்பதால் ஒவ்வொரு ஜெல்லிலும் முதல் மூன்று தடங்கள் எலிசாளின் குடும்பத்துக்கு. அவள், புருஷன் சுவாமிதாஸ், மகன் சஜின். வெளியே ஆள் தேட சாருக்கு மனமில்லை. சம்பளம் வாங்குகிறவளின் ரத்தம் சும்மா கிடைக்கும்போது அவர் ஏன் தேடப்போகிறார்? அந்த மூன்றுக்கும் அடுத்து ஒரு தடத்தைக் காலியாக விட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த குடும்பம். ஒருவருடையது வழிந்து இன்னொருவருடையதில் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த முறை. அன்றைக்கு ஜெல்லின் ஓரத்தில் சாம்பிள் ஊற்றும் குழி ஒன்று கிழிந்து, ஒரு தடம் குறைந்தது. புதிதாக ஊற்றினால் ஜெல் வீணாச்சு என்று சார் கடித்துக் குதறுவார். எலிசாள் காலித் தடம் விடாமல், சஜினை ஒட்டியே, அன்றைக்குப் பரிசோதனைக்கு வந்த பையனின் சாம்பிளை வைத்துவிட்டாள்.

சாலைக் கம்போளத்தில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் திரவியத்தின் மகன் வினீத், நாலு வயதில் கோயில் கூட்டத்தில் தொலைந்து போனவன். இப்போது ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கடை வாசலில் வந்து நின்று, நான்தான் வினீத் என்கிறான். திரவியம் அழுதுகொண்டே கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் மனைவி சிவகாமியம்மாள் தொடக்கூட இல்லை. ரத்தம் கொடுக்க வந்த அன்றும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"இது என் பிள்ளை இல்ல, பாத்துக்கிடுங்க. பெத்தவளுக்குத் தெரியாதா? பிள்ளைன்னா ஒரு மணம் இருக்கும்லா. இதுக்கு மணமே இல்ல."

"சும்மா இரு," என்றார் திரவியம். "மெஷின் சொல்லும்."

ஊசி ஏறும்போது பையன் முகம் சுளிக்கவில்லை. கையைக்கூடப் பார்க்கவில்லை. எலிசாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் சுவரையும் கூரையையும் பார்க்கிற மாதிரி. அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு குழந்தையைப் பார்த்து இப்படியா தோன்றும் என்று வெட்கமாகவும் இருந்தது.

இப்போது தட்டில் அவனுடைய தடம் மற்ற எல்லாவற்றையும்விடக் கறுத்து, திடமாக எழுந்து நின்றது. இரண்டு கோடும் திரவியத்துக்கும் சிவகாமியம்மாளுக்கும் நேருக்கு நேர். சார் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதுக்கு மேல என்ன வேணும்? அவங்க மோன்தான். ரிப்போர்ட் அடி. அந்த அம்மாவுக்குத் தலைக்கு சுகமில்ல."

மூன்றாவது தடத்தை அவர் கவனிக்கவேயில்லை.

அன்று நேமத்தில் பஸ் இறங்கி வீட்டுக்குப் போனபோது பவர்கட். சுவாமிதாஸ் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கப்பையும் மீன்கறியும் எடுத்து வைத்திருந்தார். தட்டு இரண்டுதான் இருந்தது.

"மோனுக்கு?"

சுவாமிதாஸ் அவளைப் பார்த்தார். எந்த மோன் என்று கேட்கப்போகிறவர்போலப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஓ... மறந்து போச்சு கேட்டியா."

சஜின் கையைக் கழுவிவிட்டு பெஞ்சின் மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் அங்கே இருந்தது அவளுக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

அடுத்த நாள் தலை துவட்டும்போது அவன் சொன்னான்.

"அம்மா, டீச்சர் எனக்க பேர விளிக்கல்ல."

"நீ பக்கத்துல இருக்கவன்கிட்ட பேசிட்டு இருந்திருப்ப."

"இல்லம்மா. நான் கை பொக்கினேன். டீச்சர் என்னையப் பாத்தாவ. பாத்திட்டு அடுத்த பேர விளிச்சாவ."

எலிசாள் அவன் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு முகர்ந்தாள். தேங்காயெண்ணெய் மணம் வந்தது. எண்ணெய் மணம் மட்டும்தான் வந்தது. துண்டைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து மறுபடி முகர்ந்தாள்.

மழை பிடித்துக்கொண்ட வாரம் சிவகாமியம்மாள் லேபுக்கு வந்தாள். கையில் லட்டுப் பெட்டி, பக்கத்தில் அந்தப் பையன். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாம் உங்க கைராசி. என் பிள்ளைய எனக்குக் குடுத்துட்டிய."

"அன்னைக்கு உங்க பிள்ளை இல்லன்னுல்லா சொன்னிங்க?"

"நானா? எப்ப?" அந்தச் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. "பெத்த பிள்ளைய யாராவது அப்பிடிச் சொல்லுவாவளா? உங்களுக்கு உடம்புக்கு என்ன?"

அவள் சாரிடம் சொல்லிக்கொள்ள உள்ளே போனாள். பையன் போகவில்லை. எலிசாளின் மேஜை ஓரத்தில் நின்று, குளிர்பெட்டியின் கதவை விரலால் தடவினான்.

"சஜினுக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

அவள் மகன் பெயரை அந்த இடத்தில் யாரும் சொன்னதில்லை. சாம்பிள் குழாய்களில்கூட ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டுமே எழுதியிருக்கும்.

சிவகாமியம்மாள் வந்தாள், படியிறங்கினாள். அவள் பார்வையிலிருந்து மறையும்வரை பையன் காத்திருந்தான். பிறகு எலிசாளைப் பார்த்துச் சொன்னான்.

"போயிட்டு வாறேன், அம்மா."

எலிசாள் ராஜமணியிடம் போய் நின்றாள். மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலேயே, கெமிக்கல் உன் அப்பன் வாங்கித் தாறானா என்று கேட்டார். அதற்கு மேல் அவரிடம் பேச எதுவுமில்லை. மனிதரா அவர்!

மறுநாள் காலையில் சஜினின் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தாள். அவன் அழுதான், அழுகைச் சத்தம் அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோலக் கேட்டது. சுவாமிதாஸ் பேப்பரைவிட்டு நிமிரவில்லை. "அப்பா, அப்பா" என்று சஜின் இரண்டு தடவை கூப்பிட்டும் நிமிரவில்லை.

சார் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். எலிசாள் மெஷினில் குழாய்களை வைத்து மூடியை அழுத்தினாள். புது ஜெல் ஊற்றினாள். அவள், சுவாமிதாஸ், சஜின். அதற்கடுத்து ஒரு தடத்தைக் காலியாக விட்டாள். அதற்கும் அப்பால் அந்தப் பையன். செய்த தப்பை முறைப்படி திருத்திவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஏதோ ஒரு நம்பிக்கை. படித்தவளுக்கு இப்படி ஒரு நம்பிக்கை வரலாமா? பிள்ளைக்காக அவள் வேறு எதையும் நம்பியிருப்பாள்.

மாலை மங்கும்போது ஜெல் சாயத்துக்கு வந்தது. வெளியே மழை தகரத்தில் கொட்டியது. தேங்காய்ச் சத்தம் நின்றிருந்தது. தட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டினாள். திரவம் ஓரத்தில் மோதி மெல்லத் தளும்பியது.

முதல் தடத்தில் அவளுடைய கோடுகள் வந்தன. இரண்டாவதில் சுவாமிதாஸின் கோடுகள். மூன்றாவதில் ஒன்றும் வரவில்லை.

காத்திருந்தாள். ஆட்டினாள்.

ஒன்றுமில்லை. நிழல்கூட இல்லை. நாலாவதாக விட்ட காலித் தடத்துக்கும் சஜினின் தடத்துக்கும் வித்தியாசமே இல்லை.

அதற்கப்பால் பையனின் கோடுகள் எழுந்தன. கறுத்து, தடித்து. பழைய ஜெல்லில் அவை இருந்த இடம் அவளுக்கு மனப்பாடம். அங்கே இல்லை. ஒன்று அவள் கோட்டுக்கு நேரே நின்றது. மற்றது சுவாமிதாஸின் கோட்டுக்கு நேரே.

ஓடிப்போய் திரவியத்தின் கடைக்கு போன் போட்டாள்.

"வினீத் வீட்டுல இருக்கானா? சீக்கிரம் சொல்லுங்க."

"எந்த வினீத்?" திரவியத்தின் குரலில் எரிச்சல். "ராங் நம்பரா? எங்களுக்குப் பிள்ளையே கிடையாது."

ஆட்டோ கரமனைப் பாலத்தில் திணறியது. அவள் வழி முழுக்க சஜின், சஜின் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். விட்டுவிட்டால் போய்விடும் என்று பயம். ஆட்டோக்காரன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

வீட்டில் விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது. சுவாமிதாஸ் மீனில் முள்ளெடுத்து ஊட்டிக்கொண்டிருந்தார். மேஜை முன்னால் சஜினின் நீலச் சட்டையில் அந்தப் பையன்.

"சஜின் எங்க?"

"எந்தா எலிசா, இஞ்சதானே இருக்கான்." சுவாமிதாஸ் பையனின் தலையைக் கோதினார். அத்தனை பிரியமாக அவர் சஜினைத் தொட்டு அவள் பார்த்ததில்லை.

"அம்மா லேட்டாயிட்டு," என்றான் பையன். அவர்கள் வீட்டுப் பேச்சு. அவர்கள் வீட்டுக் குரல்.

எலிசாள் அறை அறையாக ஓடினாள். கட்டிலடியில் பார்த்தாள். அடுக்களைப் பின்கதவைத் திறந்தாள். இறவாரத்துக்குக் கீழே, மழையில் முழுக்க நனைந்து, சஜின் நின்றிருந்தான். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"மக்களே!"

மகனை இழுத்து அணைத்தாள். உடம்பில் கனமே இல்லை. குளிர்ந்துபோயிருந்தது. முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பார்த்தாள். மறக்க மாட்டேன். மறக்க மாட்டேன். காதுக்குக் கீழே மச்சம். மச்சம் இந்தக் காதிலா? முழங்காலில் தழும்பு. சைக்கிளிலிருந்து விழுந்தது. இல்லை, படியில். பிறந்த அன்று மழை பெய்தது. யார் பிறந்த அன்று?

"அம்மா, சோறு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்கிறான். திரும்பவும் கீழே பார்த்தாள். ஒரு பையன் அவள் சேலையைப் பற்றிக்கொண்டிருந்தான். நனைந்த பையன். யார் வீட்டுப் பிள்ளையோ. சேலையெல்லாம் சேறு.

"விடு," என்றாள்.

விடவில்லை. எலிசாள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வெளியே தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டாள்.

"யாராக்கும் பொறத்த?" என்று சுவாமிதாஸ் கேட்டார்.

"தெரியல்ல. யாரோ ஒரு பையன். நாளைக்கும் வந்தா ரெண்டு அடி குடுக்கணும்."

கதவின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அறையும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. எலிசாள் மகனுக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். மகன் அவளைப் பார்த்துக்கொண்டே மென்றான்.

கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல்கள் உள்ளே நீண்டு வந்தன. சிறிய விரல்கள். ஒரு விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளி இருந்தது. அவை தரையைத் தடவித் தடவி எதையோ தேடின.

எலிசாள் எழுந்து போனாள். மூலையில் கிடந்த சாக்கை அந்த விரல்கள்மேல் போட்டு, மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி காலால் மிதித்து அடைத்தாள். திரும்பி வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாக்கு அசைந்துகொண்டே இருந்தது.