சிரிச்சது யாரு?

மத்தியான வெயிலில் அந்தத் தியேட்டர் வாசலில் வந்து இறங்கியபோதே விமர்சகருக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. டிக்கெட் ஜன்னல் முன்னால் நீண்ட வரிசை. நின்றவர்கள் எல்லாரும் ஏழு கழுதை வயசானவர்கள். ஆனால் பள்ளிக்கூட நாடகத்துக்குப் போவதுபோல் வேஷம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். காதில் செருகிய பென்சில், முழங்கைவரை கறுப்புத் துணி உறை, குட்டையாக முடிந்த டை. அன்றைக்கு ஓடப்போகும் படத்தில் வரும் குமாஸ்தாக்களின் உடுப்பாம்.

"கோமாளிக் கூட்டம்," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் உள்ளே போனார்.

தியேட்டர் அவருடைய மச்சினனுடையது. மனைவியின் தம்பி. தெரிந்தவர்கள் எல்லாரும் அவனை ரீல் என்றுதான் கூப்பிடுவார்கள். படச்சுருளைத் தூக்கிக்கொண்டு அலைவதாலா, வாயைத் திறந்தால் அளந்துவிடுவதாலா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். பெரிய தியேட்டர்கள் தொடாத பழைய சிரிப்புப் படங்களைத் தேடிப்பிடித்துப் போடுவான். அவற்றுக்கு 'கல்ட் காமெடி' என்று பெயர் வேறு. வெளிவந்தபோது காக்காய் குருவிகூட எட்டிப் பார்க்காத படத்துக்கு, தூசி தட்டியதும் எங்கிருந்து இத்தனை பக்தர்கள் முளைக்கிறார்கள் என்பது விமர்சகருக்கு விளங்கவேயில்லை.

"வாங்க மாமா, வாங்க!" ரீல் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தான். "நீங்க நாலு வரி எழுதினாப் போதும், என் தியேட்டர் பொழைச்சுக்கும்."

"எழுதறேன். ஆனா நல்லவிதமா எழுதுவேன்னு நான் சொல்லல."

"திட்டியே எழுதுங்க. அதுக்கும் கூட்டம் வரும்." பிறகு அவன் குரல் தணிந்தது. "ஒண்ணே ஒண்ணு மாமா. படத்துல மேனேஜர் 'சிரிச்சது யாரு?'ன்னு கேட்பாரு. அந்த இடத்துல மட்டும் யாரும் சிரிக்க மாட்டாங்க. நீங்களும் சிரிச்சுடாதீங்க."

"ஏன், சிரிச்சா வேலையை விட்டுத் தூக்கிடுவாரா?"

"ரசிகர்களோட விளையாட்டு மாமா. அவ்வளவுதான்." ரீல் கழுத்தைச் சொறிந்துகொண்டான். "ஆனா நானும் சிரிக்கறதில்ல."

விமர்சகர் உதட்டோரத்தைக் கோணி ஒரு சிரிப்புச் சிரித்தார். அவருடைய புகழே அந்தச் சிரிப்புதான். எத்தனையோ இயக்குநர்கள் அதைக் கேட்டுக் கூனிக் குறுகியிருக்கிறார்கள். அவர் மனைவி அதற்குச் செருப்படிச் சிரிப்பு என்று பெயர் வைத்திருந்தாள்.

உள்ளே சோளப்பொரி வாசனையும், பழைய இருக்கைகளின் புழுங்கல் நெடியும் கலந்து அடித்தன. பக்கத்து இருக்கையில் ஒரு பல் டாக்டர். அவரும் பென்சிலும் கறுப்பு உறையுமாகத்தான் இருந்தார். இந்தப் படத்துக்காகவே தன் கிளினிக்கை மூடிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"முதல் தடவையா சார்? கொடுத்து வச்சவர். எங்களுக்கு வசனமெல்லாம் மனப்பாடம்."

"தெரியுது," என்றார் விமர்சகர். படித்த மனுஷனே இப்படி என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்!

விளக்கு அணைந்தது.

கறுப்பு வெள்ளைப் படம். ஓர் அலுவலகம், வரிசையாக மேஜைகள், குமாஸ்தாக்கள், அவர்களை ஆட்டிப்படைக்கும் மேனேஜர். ஒல்லியான உடம்பில் நீளக் கறுப்புக் கோட்டு. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சிரிப்பு என்றாலே அவருக்கு ஆகாது. சிரித்தவன் வாயில் சிரிப்பின் வாசனை தங்கியிருக்கும், தன் மூக்குக்கு அது தப்பாது என்பது அவருடைய நம்பிக்கை. ஆகவே ஒவ்வொருத்தனாக வாயைத் திறக்கச் சொல்லி, குனிந்து, மூக்கை விட்டு மோந்து பார்ப்பார். அந்த மேனேஜராக நடித்தவரைப் பிறகு வேறெந்தப் படத்திலும் யாரும் பார்த்ததில்லை.

அரங்கம் ஒவ்வொரு வசனத்தையும் முந்திக்கொண்டு கத்தியது. விழுந்து விழுந்து சிரித்தது. விமர்சகர் கட்டுரையின் முதல் வரியை மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தார். மூளையை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு...

திரையில் ஒரு குமாஸ்தா களுக்கென்று சிரித்துவிட்டான். மேனேஜர் மெல்லத் திரும்பினார்.

"சிரிச்சது யாரு?"

அரங்கம் அப்படியே அடங்கிப்போனது. பொரி கொறிக்கும் சத்தம்கூட இல்லை. விமர்சகர் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டர் கண்ணையே மூடிக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பெரியவர்கள், ஒரு துணித் திரைக்குப் பயந்துகொண்டு!

சிரித்தார். அதே செருப்படிச் சிரிப்பு. அந்த நிசப்தத்தில் அது சுவரில் மோதித் திரும்பி வந்தது.

திரையில் குமாஸ்தாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மேனேஜர் நின்றார்.

தலையைச் சாய்த்துக் கேட்டார்.

பிறகு குமாஸ்தாக்களை விட்டுவிட்டு, மேஜைகளுக்கு நடுவே முன்னால் நடந்து வந்தார். முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு கோட்டின் பித்தான்கள் மட்டும். பிறகு கோட்டின் கறுப்பு மட்டும். திரை முழுக்க இருண்டது.

"ஏன் சார் சிரிச்சீங்க?" பல் டாக்டரின் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

திரை மறுபடி வெளுத்தபோது, அலுவலகம் இருந்தது. குமாஸ்தாக்கள் இருந்தார்கள். மேனேஜர் இல்லை.

முன்வரிசைப் பக்கம் ஒரு சத்தம்.

தோல் செருப்பு தரையில் தேய்கிற சத்தம்.

பாச்சை உருண்டையும் தலை எண்ணெயும் கலந்த நெடி இருட்டில் மிதந்து வந்தது. எங்கோ முன்னால் ஒரு குரல், அலுவலகத்துக்கே உரிய மரியாதையோடு, "திறங்க," என்றது. மூச்சை இழுத்து மோந்து பார்க்கும் ஓசை. நடை. மறுபடி, "திறங்க."

ரசிகர்கள் ஒவ்வொருவராக வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். அரை வெளிச்சத்தில் அந்த வாய்களின் கறுப்பு விமர்சகருக்குத் தெரிந்தது. எழுந்து ஓடிவிட வேண்டும் என்றிருந்தது. இருக்கையை விட்டு எழ முடியவில்லை.

நடை அவருடைய வரிசைக்கு வந்து நின்றது.

அப்போது அவர் செய்த காரியம், பிறரைப் பற்றி அத்தனை துச்சமாக எழுதிக்கொண்டிருந்த மனுஷர் செய்யக்கூடியதுதான். கையைத் தூக்கிப் பல் டாக்டரைச் சுட்டிக்காட்டினார்.

"இவர்தான்," என்றார். "இவர்தான் சிரிச்சாரு."

பல் டாக்டர் திரும்பி அவரை ஒரே ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாயை அகலத் திறந்தார். இருட்டு குனிந்து நீளமாக மோந்தது.

"இதுல இல்லையே."

இப்போது அந்த நெடி விமர்சகரின் முகத்துக்கு நேரே இருந்தது. அங்கே முகம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவருடைய மேலுதட்டின் மீது ஒரு மூச்சு, ஐஸ்பெட்டியைத் திறந்தால் வருமே, அப்படி வந்து பட்டது.

"திறங்க சார்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். தாடை வலித்தது. கண்ணீர் வழிந்தது. திறக்கவில்லை.

அது நெடுநேரம் காத்திருந்தது.

"பரவாயில்ல," என்றது கடைசியில். "மறுபடி சிரிப்பீங்க. அப்பப் பார்த்துக்கலாம்."

இடைவேளை விளக்கு எரிந்தது. பல் டாக்டரின் இருக்கை காலி. அதன்பிறகு அவர் அந்தத் தியேட்டர் பக்கமே வரவில்லை என்று பின்னால் தெரிந்தது. மற்ற ரசிகர்கள் விமர்சகரைக் கடந்து போகும்போது அவர் மேல் சட்டைகூடப் படாமல் ஒதுங்கிப் போனார்கள். அவர்கள் பார்வையில் கோபம் இல்லை. அவர் எத்தனையோ படங்களைப் பார்த்த அதே பார்வைதான் இருந்தது.

கட்டுரை எழுதவே இல்லை. எழுத உட்கார்ந்தால் வழக்கமான கிண்டல் விரல் நுனிக்கு வரும். கூடவே உதட்டோரம் தன்னால் கோணும். உடனே முதுகுக்குப் பின்னால் பாச்சை உருண்டை வாசனை. கையை எடுத்துவிடுவார். பத்திரிகைக்காரர்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்து, வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

ரீல் தொலைபேசியில் குதித்தான். "மாமா, படம் பிச்சுக்கிட்டு ஓடுது! பிரிண்ட்ல என்னமோ ஆகி மேனேஜர் மட்டும் காணாமப் போயிட்டாரு. மத்தவங்க எல்லாம் அப்படியே பளிச்சுன்னு இருக்காங்க. ஜனம் அதுக்கும் சேர்த்துச் சிரிக்குது!"

அவன் ரீல் விடுகிறானா என்று பார்க்க ஒரு பகல் காட்சிக்குப் போய்க் கதவோரம் நின்றார். திரையில் குமாஸ்தாக்கள் வெற்றிடத்துக்கு வணக்கம் சொன்னார்கள். வெற்றிடத்தின் முன்னால் நடுங்கினார்கள். ஒருத்தன் பின் ஒருத்தனாக, யாருமில்லாத காற்றுக்கு வாயைத் திறந்து காட்டினார்கள். அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது.

போனவர் திரும்பவில்லை. எங்கே இருக்கிறார் என்று அந்த அரங்கத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

வீட்டில் தொலைக்காட்சியை எடுத்துப் பரணில் போட்டார். நண்பர்கள் வந்தால் தலைவலி என்று படுத்துக்கொண்டார். மகள் ஆறு வயசு வாயாடி. பார்த்தவர்களை எல்லாம் அப்படியே நடித்துக் காட்டுவாள். முன்பு அதற்கும் உதட்டைக் கோணி, "சுமார்" என்று மார்க் போட்டவர், இப்போது அவள் ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவார்.

"பெத்த பொண்ணுகிட்டயுமா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறது?" என்று மனைவி சண்டை பிடித்தாள்.

ஒரு விடுமுறை நாள். நல்ல வெளிச்சம். மூன்று பேரும் மேஜையில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மனைவி தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். மகள் சாப்பிடாமல், அவருடைய தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு, கையால் வாயைப் பொத்திக் குலுங்கினாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

"அப்பா கேட்கறேன்ல. சொல்லு."

அவள் இருக்கையிலிருந்து இறங்கி வந்து அவர் காதோடு காதாகக் கிசுகிசுத்தாள். "அந்தக் கறுப்புக் கோட்டு மாமா கண்ணை உருட்டி உருட்டிக் காட்டறாரு. தினமும் வர்றாருப்பா. உங்க அப்பாவை நீதான் சிரிக்க வைக்கணும், வச்சா உன்னை ஒண்ணும் கேட்க மாட்டேன்னு சொன்னாரு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மனைவி செம்போடு வந்தாள். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் வந்தபோது, குறுகலான வழியில் எதிரே வருகிறவருக்கு இடம் விடுவதுபோல், தன்னையறியாமல் சுவரோரம் ஒதுங்கி நின்று, பிறகு கடந்து வந்தாள்.

"என்ன, அப்பாவும் பொண்ணும் ரகசியம்?" என்றாள்.

"அப்பாவுக்குக் கிச்சுகிச்சு மூட்டப் போறேன்!"

"வேண்டாம்மா. வேண்டாம், கண்ணு..."

குட்டி விரல்கள் விலாவில் புகுந்துவிட்டன. வயிற்றுக்கடியிலிருந்து அது புரண்டு கிளம்பியது. அவருக்கே பழக்கமில்லாத, குழந்தைச் சிரிப்பு. இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.

அந்தக் கைகளைப் பின்னாலிருந்து யாரோ மெதுவாக, மிகுந்த மரியாதையோடு, விலக்கினார்கள்.