நடுவில் தூண் இல்லாத பாலம்

பவானிபூரில் ஷியாமளா குடியிருந்த சந்துக்கு ஒரே ஒரு வழிதான். மறுமுனையில் பெரிய மதில். அந்த ஒரே வழியைத்தான், குழாய் பதிக்கிறோம் என்று யாரோ வந்து இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டிப் போட்டார்கள். தோண்டியவர்கள் அதோடு போனவர்கள்தான். மழை வந்து பள்ளத்தைச் சேறாக்கியது. குறுக்கே இரண்டு நீளப் பலகைகளைப் போட்டு, எல்லாரும் கழைக்கூத்தாடி மாதிரி போய்வந்தார்கள்.

எல்லாரும் என்றால், மிதாலியைத் தவிர.

மிதாலி அடுத்த வீட்டுப் பெண். ஷியாமளாவின் வகுப்புதான். சின்ன வயதில் போலியோ வந்ததால் இடது காலில் இரும்புச் சட்டம் வைத்த ஷூ போட்டிருப்பாள். பலகையின் நடுவில் கால் வைத்தால் அது ஊஞ்சல் போல ஆடும். ஒருநாள் அவள் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு கடக்கப் பார்த்தார். நடுவில் கால் சறுக்கியது. இரண்டு பேரும் விழாமல் தப்பியதே பெரிய விஷயம். அன்றிலிருந்து மிதாலி பள்ளிக்கூடம் போகவில்லை.

திங்கட்கிழமை பரீட்சை. எழுதாவிட்டால் அடுத்த வருஷமும் ஐந்தாம் வகுப்புதான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

"நீ ஆறாவது போயிடுவே. வேற யாராவது உன் பக்கத்துல உட்காருவா," என்றாள் மிதாலி. இருவரும் பேசிக்கொள்வது வங்காள மொழியில்.

 அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்ல ஷியாமளாவுக்கு ஆசைதான். ஆனால் அது பொய்யாக இருக்குமே.

சந்தில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. துர்கா பூஜைக்குப் பந்தல் போடும் இடத்தையும் பள்ளம் விழுங்கிவிட்டது. வாங்கிய மூங்கில்கள் சும்மா கிடந்தன. அவற்றின் மேல் பாப்லு அண்ணாவும் பூஜை நடத்தும் கிளப் பையன்களும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"பாப்லுதா, பலகைக்கு அடியில ஒரு மூங்கில் நட்டா ஆடாதில்லையா?" என்று ஷியாமளா கேட்டாள். அங்கே அண்ணாவை 'தா' என்றுதான் கூப்பிடவேண்டும்.

"நட்டுப் பார்த்தோம். சேத்துல நிக்கலை. இந்த வருஷம் எதுவுமே நிக்காது, போ," என்றான் பாப்லு.

வீட்டில் அப்பாவும் அதே முகத்தோடுதான் இருந்தார். அப்பா வெங்கடராமன், ஹூக்ளி நதியின் மேல் கட்டப்படும் புதுப் பாலத்துக்கு வரைபடம் போடுபவர்.

"அப்பா, உன் பாலத்துக்கு ஆத்து நடுவுல எத்தனை தூண்?"

"ஒண்ணுகூடக் கிடையாது. கப்பல் போகணுமே. ரெண்டு கரையிலயும் உசரமா கோபுரம். அதுலேர்ந்து இரும்புக் கயிறு வந்து பாலத்தை மேலேர்ந்து பிடிச்சுக்கும். இந்த ஊருக்கே புது மாதிரி." அப்பா பெருமூச்சு விட்டார். "வரைஞ்சு வரைஞ்சு என் கைதான் தேயறது. நான் ரிடையர் ஆறதுக்குள்ள கட்டி முடிப்பாளோ மாட்டாளோ."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஷியாமளா எழுந்துகொண்டாள்.

வராந்தாவில் களிமண்ணை இரண்டு கரையாக வைத்தாள். கரைக்கு இரண்டு பென்சில்கள் நட்டாள். குறுக்கே அடிக்கோல். பென்சில்களின் உச்சியிலிருந்து நூல் இழுத்து அடிக்கோலின் நடுவில் கட்டினாள். அடிக்கோல் ஆடவில்லை. கனம் ஏற்றிப் பார்க்க ஏதாவது வேண்டுமே. கொலுவுக்காகப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த செட்டியார் பொம்மை கையில் அகப்பட்டது.

செட்டியார் நடுப்பாலத்தில் உட்கார்ந்தார். பென்சில்கள் நான்கும் உள்பக்கம் சாய்ந்தன. செட்டியார் தரையில் விழுந்தார். மூக்கு போய்விட்டது.

"இத்தனை வருஷமா மூக்கோட உட்கார்ந்திருந்த மனுஷன்," என்றாள் அம்மா. "உன் கண்ணுல பட்டதும் போச்சு."

ஷியாமளா அழுதாள். மூக்குக்காக மட்டும் அல்ல. நாளை மறுநாள் பரீட்சை. மிதாலி ஜன்னலையே சாத்திவிட்டிருந்தாள்.

மாலையில் கரண்ட் போனது. கரண்ட் போனால் குழாயிலும் தண்ணீர் வராது. சந்துக்குள் இருந்த கைப்பம்பில் அடித்துத்தான் கொண்டுவரவேண்டும். ஷியாமளா ஒரு வாளியை வலது கையில் தூக்கினாள். உடம்பு வலப்பக்கமே சாய்ந்தது. நாலடி நடப்பதற்குள் பாவாடையெல்லாம் ஈரம்.

இன்னொரு வாளியையும் நிரப்பி இடது கையில் தூக்கிக்கொண்டாள். கனம் இரண்டு மடங்கு. ஆனால் உடம்பு நேராக நின்றது.

ஷியாமளா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு வாளிகளை வழியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

பென்சில்களை மறுபடி நட்டாள். உள்பக்கம் இழுக்கும் நூலுக்கு எதிராக, பின்பக்கமும் நூல் இழுத்து, அதன் நுனியைக் கல்லில் கட்டினாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூக்கில்லாத செட்டியார் மறுபடி பாலம் ஏறினார். இந்தத் தடவை விழவில்லை.

அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பின்பக்கம் இழுத்துக் கட்டணும்னு யார் சொன்னா உனக்கு?"

"வாளி," என்றாள் ஷியாமளா. "அப்பா, மூங்கில் சும்மாத்தானே கிடக்கு. மிதாலிக்காக இதைப் பெரிசா கட்ட முடியாதா?"

 அப்பா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாப்லுவைத் தேடிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சந்தே பள்ளத்தருகில் நின்றது. கரைக்கு இரண்டு மூங்கில்களைக் கெட்டித் தரையில் ஆழமாக நட்டு, உச்சியிலிருந்து பலகையின் நடுவுக்குக் கயிறு கட்டினார்கள். பள்ளத்திலிருந்து எடுத்த மண்ணைச் சாக்கு சாக்காகக் கட்டி, பின்கயிறுகளுக்குக் கனமாக வைத்தார்கள். பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு பக்கமும் மூங்கில் கட்டினார்கள். முதலில் அப்பா நடந்தார். பிறகு கிளப்பிலேயே குண்டான பையனைப் போகச் சொல்லி, நடுவில் குதிக்கவும் சொன்னார். அவன் குதித்தான். பலகை அசையவில்லை. மிதாலியின் ஜன்னல் மட்டும் திறக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை மிதாலி பையோடு வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"இந்தக் கயிறு அறுந்துட்டா?" என்றாள்.

"அப்பா அந்தக் குண்டுப் பையனையே குதிக்கவிட்டுப் பார்த்துட்டார். நானும் கூட வரேன்."

"வேண்டாம். பின்னால வா."

மிதாலி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். இரும்பு ஷூ பலகையில் டக் டக் என்று விழுந்தது. அவள் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நடுவில் மிதாலி நின்றாள். பள்ளத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு மறுபடியும் டக் டக்.

அக்கரை வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். மிதாலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தாள். ஷியாமளா ஓடித்தான் அவளைப் பிடிக்கவேண்டியிருந்தது.