பெஞ்சில் எரிந்த பச்சை

வாயைத் திறக்கச் சொன்னார் அதிகாரி. பிரகாசி திறந்தாள். கையுறை போட்ட விரல் நாக்குக்கு அடியில் துழாவியது. முந்தைய ஆட்டக்காரியின் எச்சில் ஈரம் அதில் அப்படியே இருந்தது. கருமம்! மிட்டாயை ஒளித்து வைத்து மகிழ்ச்சியைக் கூட்டிக்கொள்கிறார்களாம், அதற்குத்தான் இந்தச் சோதனை. பிறகு கழுத்தில் உவகைமானியைக் கட்டிவிட்டார். ஜாய்பேண்ட் என்றால்தான் ஊருக்குப் புரியும். யாரோ ஒருத்தியின் வியர்வை நாற்றம் அதில் ஒட்டியிருந்தது.

தேசிய அமெச்சூர் ஹேண்ட்பால் லீகில் எல்லா ஆட்டமும் இப்படித்தான் தொடங்கும். காசுக்கு ஆடுகிறவர்கள் விளையாட்டையே நாறடித்துவிட்டார்கள் என்று சொல்லி, ஆசைக்கு ஆடுகிறவர்களுக்காக ஆரம்பித்த லீக் இது. ஆசை இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இரத்தத்தைக் கேட்டால் சொல்லும் என்று எவனோ ஒரு மேதாவி கண்டுபிடித்தான். ஆட்டத்தில் ஒருமுறையாவது மகிழ்ச்சி பொங்கி, கழுத்துப் பட்டையில் பச்சை விளக்கு எரிய வேண்டும். தொடர்ந்து மூன்று ஆட்டம் எரியாவிட்டால் ஆயுள் தடை. பெஞ்சில் இருப்பவர்களுக்கும் விலக்கில்லை.

பிரகாசிக்கு எரியாமலே இரண்டு ஆட்டம் போய்விட்டது. தூத்துக்குடிக் கழகத்தின் இரண்டாவது கோல்கீப்பர் அவள். முதல் கீப்பர் ஜெசிந்தா, ஒரே தெருக்காரி, பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. அவள் ஆட, இவள் பெஞ்சைத் தேய்க்க, இரண்டு வருடம் ஓடிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தால் எவளுக்கு உவகை பொங்கும்?

"இன்னைக்கும் எரியலன்னா அவ்வளவுதான்ட்டி," என்றாள் ஜெசிந்தா, தலைமுடியை இறுக்கிக் கட்டியபடி. "கோச் சார்கிட்ட சொல்லி, கடைசியில உன்ன இறக்கச் சொல்லுதேன். ஒரு பந்தைப் புடி, தன்னால எரியும்."

"நெசமாவா?"

"பின்ன? நீ இல்லாம நான் யாருகூட பஸ்ல வருவேன்?"

ஜெசிந்தா நல்லவள். அதை நினைத்தாலே பிரகாசிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எதிரே நாக்பூர் கழகம். முதல் பாதி முடியப்போகும் நேரம். மிக அருகிலிருந்து ஒருத்தி ஓங்கி எறிந்த பந்து ஜெசிந்தாவின் முகத்தில் வந்து அறைந்தது. மூக்கிலிருந்து குபுகுபுவென்று இரத்தம். அரங்கமே ஐயோ என்று எழுந்தது. பிரகாசியும் எழுந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் கழுத்தில் 'டிங்' என்றது.

பெரிய திரை அவள் முகத்தைக் காட்டியது. பதறிய கண்கள், வாயைப் பொத்திய கை, அதற்குக் கீழே பச்சை. இந்த சீசனில் யாருக்கும் இவ்வளவு பளிச்சென்று எரிந்ததில்லை. எதற்கென்று யோசிக்காமல் சிலர் கைதட்டினார்கள். தூ, இதுவும் ஒரு உடம்பா என்று அவளுக்கு அருவருத்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஜெசிந்தா மூக்கில் பஞ்சை அழுத்திக்கொண்டு திரையைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

அதன்பின் கோலில் நின்றது பிரகாசிதான். பந்துகளைப் பிடிக்கவும் செய்தாள். பட்டை எரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும், பட்டையைக் கழற்றுமுன்பே, பயிற்சியாளர் அருமைநாயகம் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"தப்பிச்சிட்ட பிள்ள. அவளுக்கு மூக்கெலும்பு போச்சு, இந்த சீசன் ஆடமாட்டா."

"நான் அவளப் பார்க்கணும் சார்."

"பார்க்கலாம். இனி ஒன் பட்டையப் பத்தி எனக்குக் கவல இல்ல. ஒனக்கு எது புடிக்கும்னு தெரிஞ்சுபோச்சுல்லா? அவ தேறி வந்தாலும், பிராக்டீஸ்ல பக்கத்துல நின்னு அவ மூஞ்சிக்கு ஒண்ணு எறியச் சொன்னாப் போச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"சீ! நீங்கள்லாம் மனுசன்தானா சார்?"

அவர் மூஞ்சியில் காறித் துப்ப வாயில் எச்சிலைக் கூட்டினாள்.

கழுத்தில் 'டிங்' என்றது.

அருமைநாயகம் பச்சையைப் பார்த்தார். பிரகாசி எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.