ஓர் எழுத்தில் ஒரு கொலை

செல்போன் அலறியபோது அவள் கையில் ஒரு வௌவால் இருந்தது.

துணிப்பைக்குள் தலைகீழாகத் தொங்கியது. பையோடு தராசில் மாட்டினாள். நூற்றுப் பதினாறு கிராம். குறித்துக்கொண்டாள்.

போன் நிற்கவில்லை.

கையுறையைக் கழற்றி எடுத்தாள்.

"சொல்லுங்க சார்."

மறுமுனையில் துணை இயக்குநர். குரலில் இழவு வீட்டுக் கரகரப்பு.

"டைரக்டர் போயிட்டார் மேடம்."

"எங்க?"

"மேல."

அவள் வௌவாலைப் பார்த்தாள். அதுவும் பையின் ஓரமாகத் தலையை நீட்டி அவளைப் பார்த்தது.

"சாதாரணக் காய்ச்சல்னுதானே அட்மிட் பண்ணாங்க?"

"ரிசல்ட் வந்துருச்சு. உங்க வைரஸ்."

உங்க வைரஸ்...

அவள் வீட்டு நாய் யாரையோ கடித்துவிட்டது போலச் சொன்னார்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் பதினோரு வருட வேலை. எங்காவது நாலு பேர் பெயர் தெரியாத காய்ச்சலில் விழுந்தால், ஊரே வெளியே ஓடும். இவள் மட்டும் ஊருக்குள் ஓடுவாள். ரத்தம் எடுப்பாள். வௌவால் பிடிப்பாள். நிலையத்தில் அவளுக்கு 'வௌவாலம்மா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் ஆரம்பித்தது, இப்போது முகத்துக்கு நேராகவே.

பதினோரு வருடத்துக்கு முன் முதல் நோயாளியிடமிருந்து அவள் எடுத்த வைரஸ், மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில், இருபது குப்பிகளில் தூங்குகிறது.

சாவி அவளிடம் மட்டும்.

"வளாகத்து மரத்துல தொங்குற வௌவால்தான் காரணம்னு பேப்பர்காரங்ககிட்ட சொல்லிட்டேன்," என்றார் துணை இயக்குநர். "நாளை மறுநாள் மரம் அறுக்க ஆள் வர்றாங்க. அப்படியே வௌவாலையும் கொளுத்திடலாம். என் தடுப்பூசிக்கு இனிமே யாரும் குறுக்கே நிக்கமாட்டாங்க. பாவம், நல்ல மனுஷன்."

அந்த 'நல்ல மனுஷன்' பேச்சின் கடைசியில்தான் வந்தார்.

அவளுக்கு ஆச்சரியம். இயக்குநருக்குப் போன மாதம் கண்ணில் ஆபரேஷன். அன்றிலிருந்து வேளாவேளைக்கு சொட்டு மருந்து விட்டது இதே துணை இயக்குநர்தான். காக்கா பிடிப்பதை எத்தனையோ விதமாகப் பார்த்த நிலையம், கண்ணில் சொட்டு விட்டுப் பிடிப்பதை அப்போதுதான் பார்த்தது.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் கொடுங்க சார். வைரஸைப் படிச்சுப் பாத்துடறேன்."

"எதுக்கு மேடம் வீண் வேலை?"

போனை வைத்துவிட்டார்.

வௌவாலை வௌவாலம்மா கூண்டில் விட்டாள். "உன்னைத்தான் சொல்றாங்க," என்றாள். "எதுக்கும் வக்கீல் பார்த்து வெச்சுக்கோ."

* * *

மறுநாள் மத்தியானம்.

அவளே கூப்பிட்டு வந்த இன்ஸ்பெக்டர், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, அவளுடைய ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் ஓரமாக நின்றார். நாற்காலியைத் தொடவில்லை. சுவரையும்.

"உட்காருங்க சார். ஒட்டிக்காது."

"பரவால்ல மேடம். நின்னே கேக்கறேன். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"வைரஸை ஒரு நீளமான கடிதம்னு வெச்சுக்கோங்க. பதினெட்டாயிரம் எழுத்து. அது பெருகறப்போ எல்லாம் காப்பி எடுக்கும். அவசரக் காப்பி. அங்கங்க எழுத்துப்பிழை வரும். நான் எடுத்து வெச்சதுக்கப்புறம் வெளியில வௌவால் வௌவாலா சுத்தியிருந்தா, பதினோரு வருஷத்துல நூறு எழுத்தாவது மாறியிருக்கணும்."

"இறந்தவர் உடம்புல இருந்ததுல எத்தனை மாறியிருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு."

"அப்படின்னா?"

"இது வெளியில சுத்தவே இல்ல சார். ஃப்ரீசர்ல தூங்கியிருக்கு. வௌவால் மேல தப்பில்ல. இது கொலை."

இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்தார்.

"யாரோட ஃப்ரீசர்?"

"என்னோடது."

"சாவி?"

"என்கிட்ட."

"உங்களுக்கும் அவருக்கும் ஆகாதுன்னு கேள்விப்பட்டேன். போன மாசம் உங்க ஆராய்ச்சியை நிறுத்தச் சொன்னாராமே?"

"யார் சொன்னது?"

"துணை இயக்குநர். அழுதுக்கிட்டே சொன்னார்."

"நிறுத்தச் சொன்னது நிஜம்தான்."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மேடம், இதையெல்லாம் மூணு நாள் உட்கார வெச்சுத்தான் எங்களால வாங்க முடியும். நீங்க டீ வர்றதுக்குள்ள சொல்லிட்டீங்க. உங்க மேல நீங்களே கேஸ் கட்டறீங்க, தெரியுதா?"

"தெரியுது. சொல்லலேன்னா நாளைக்குக் காலையில நாலாயிரம் வௌவாலைக் கொளுத்துவாங்க. கொன்னவன் ஜாலியா இருப்பான்."

"கொன்னவனா... இல்ல, கொன்னவளா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் செல்போன் அடித்தது. கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"லேட்டாகுமா?"

"கைது பண்ணுவாங்க போலிருக்கு."

மறுமுனையில் பீரோ திறக்கும் சத்தம்.

"மாத்துத் துணி எடுத்துட்டு வரவா?"

"சொல்றேன்."

"சரி. ஃப்ரிட்ஜ்ல நீல டப்பா ஒண்ணு இருக்கே. அது சாப்பிடற பொருளா, உன் பொருளா?"

"சாப்பிடற பொருள்."

"கேட்டுட்டுத் திறக்கறது நல்லது பாரு," என்று வைத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், அந்த ஒரு எழுத்து? அது ஏன் மாறுச்சு?"

"அது சும்மா சார், ஒண்ணு ரெண்டு..."

நின்றாள்.

அச்செடுத்த தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பன்னிரண்டாயிரத்து நானூற்று ஏழாவது எழுத்து.

அந்த எண்...

எங்கோ பார்த்த முகம் போல இருந்தது.

பார்த்தது ஒரு தடவை அல்ல!

"சார், ஆஸ்பத்திரியில டைரக்டர் தலைமாட்டுல இருந்த சாமானெல்லாம் எங்க?"

"சீல் வெச்சிருக்கோம். கண்ணாடி, பல்செட், கண் சொட்டு மருந்து, ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம்."

"சொட்டு மருந்தைக் கொண்டு வாங்க. டெஸ்ட் பண்ணணும்."

"சந்தேகத்துக்குரிய ஆளே டெஸ்ட் பண்றதா?"

"பக்கத்துல நின்னு பாருங்க. வேணும்னா மூணாவது மாஸ்க் தர்றேன்."

இன்ஸ்பெக்டர் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

* * *

மறுநாள் காலை பத்து மணி.

வளாகத்தில் மரம் அறுக்கும் இயந்திரத்தை யாரோ ஓட்டிப் பார்த்தார்கள். 'ர்ர்ர்ர்...' கிளைகளில் சலசலப்பு.

இயக்குநர் அறையில், இயக்குநர் நாற்காலியில், துணை இயக்குநர். செத்தவர் உயரம். இவர் குள்ளம். நாற்காலிக்கு அடியில் கைவிட்டு நெம்புகோலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வாங்க இன்ஸ்பெக்டர். மேடத்தைக் கூட்டிட்டுப் போறீங்களா? மனசு கேக்கல எனக்கு."

"சொட்டு மருந்துல வைரஸ் இருக்கு சார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அடக் கடவுளே." துணை இயக்குநர் அவளைப் பார்த்தார். "மேடம்... நீங்களா?"

"பன்னிரண்டாயிரத்து நானூத்து ஏழு," என்றாள் அவள்.

நாற்காலிக்கு அடியில் கை நின்றது.

"என் இருபது குப்பியிலயும் அந்த இடத்துல எழுத்து மாறலை. நேத்து சாயந்திரம் இவர் முன்னாடியே பாத்தாச்சு. நான் என் வைரஸை வளர்த்ததே இல்ல. எடுத்தது எடுத்தபடி தூங்குது. ஆனா முதல்ல இருந்தது இருபத்தொண்ணு."

அவள் மேசைக்கு அருகில் வந்தாள்.

"அந்த ஒண்ணை ஆறு வருஷம் முன்னாடி நீங்க கேட்டு வாங்கினீங்க. தடுப்பூசிக்குன்னு. குரங்கு கிட்னி செல்லுல வளர்த்தீங்க. வளர்க்கறப்போ ஒரே ஒரு எழுத்து மாறிச்சு. அதே நானூத்து ஏழு. அதை நீங்களே கட்டுரையா எழுதினீங்க. நாலாம் பக்கம், மூணாவது அட்டவணை."

"அந்தக் கட்டுரையை யாருமே படிக்கலையே..."

வாய் தவறிவிட்டது. உதட்டைக் கடித்தார்.

"நான் படிச்சேன் சார். நாப்பது தடவை. எங்கயாவது என் பேர் இருக்கான்னு."

ஜன்னலுக்கு வெளியே இயந்திரம் மறுபடி உறுமியது.

துணை இயக்குநர் நிமிர்ந்தார். முகத்தைத் துடைத்தார். சிரிக்கக்கூடச் செய்தார்.

"இன்ஸ்பெக்டர், மேடம் ஒரு விஷயத்தை மறைக்கறாங்க. அது கூட்டு ஆராய்ச்சி. அவங்களும் சம பங்கு. வளர்த்த குப்பிகள்ல பாதி அவங்ககிட்டதான் இருந்துச்சு. நான் சொட்டு மருந்து விட்டேன், ஒத்துக்கறேன். அதுல யார் என்ன கலந்தாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டரின் பார்வை அவள் பக்கம் திரும்பியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"கூட்டு ஆராய்ச்சின்னு சொன்னீங்களே. அதை."

"கூட்டு ஆராய்ச்சிதான். யார்கிட்ட வேணும்னாலும் சொல்வேன்."

"ஆறு வருஷம் முன்னாடி இதை உங்க வாயிலேருந்து வாங்க உங்க ரூம் வாசல்ல மூணு நாள் நின்னேன்."

கைப்பையைத் திறந்தாள். மடித்து மடித்து ஓரம் கிழிந்த ஐந்து தாள்கள். இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"கடைசிப் பக்கம், கடைசிப் பத்தி. சத்தமா படிங்க சார்."

இன்ஸ்பெக்டர் ஒரு மாஸ்க்கைக் கழற்றினார். படித்தார்.

"'இந்த வைரஸை வளர்த்தது, கையாண்டது, பாதுகாத்து வைத்திருப்பது அனைத்தும் கட்டுரை ஆசிரியர் ஒருவரே. வளர்த்த குப்பிகள் அவருடைய தனிப் பூட்டில் மட்டுமே உள்ளன. இதில் வேறு எவருக்கும் எந்தப் பங்கும் இல்லை.'"

கீழே கையெழுத்து. பக்கத்தில் புகைப்படம். புன்னகையோடு.

துணை இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கை நெம்புகோலில் பட்டுவிட்டது. நாற்காலி 'புஸ்'ஸென்று தரைமட்டத்துக்கு இறங்கியது. மேசைக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது.

"மனுஷங்க மேல சோதனை பண்ண டைரக்டர் கையெழுத்து போடவே மாட்டேன்னுட்டார்," என்றது தலை. "ஊர்ல நோய் வந்தாதானே என் ஊசிக்கு மரியாதை..."

"மீதியை ஸ்டேஷன்ல சொல்லலாம் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். எழுந்திருக்கக் கை கொடுத்தார். "மேடம், நீங்களும் ஜீப்புல வர்றீங்களா? பின்னாடி இடம் இருக்கு."

"வேண்டாம் சார். அவர் எப்பவும் தனியாப் போய்த்தான் பழக்கம்."

கீழே போய் மரம் அறுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். மரத்தில் நாலாயிரம் பேர் தலைகீழாகத் தூங்கினார்கள். ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

செல்போன் அடித்தது.

"துணி மடிச்சு வெச்சிட்டேன்," என்றார் கணவர். "என்ன ஆச்சு? கைதா?"

"இல்லங்க," என்றாள் வௌவாலம்மா. "இந்தத் தடவையும் என் பேரை விட்டுட்டாங்க."